உட்கூரையில் பெயிண்ட் உதிர்கிறதா? முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

மும்பையில் மழை ஓய்ந்து, பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கும் நேரத்தில்தான் பல வீடுகளில் பார்வை மேலே போகும். உட்கூரைப் பெயிண்ட் அப்பளம்போல் உப்பி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருக்கும். தீபாவளிக்குள் ஒரு பெயிண்டரைப் பிடித்துச் சுரண்டி அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். அடுத்த மழைக்கு அதே இடம் மறுபடி உப்புகிறது.

ரயில்வே குடியிருப்புகளைப் பல ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் நம் சங்க அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பெயிண்டைத் தள்ளுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள்.

தட்டிப் பாருங்கள்

ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, ஓசையைக் கொண்டு பழுதறிவார்கள். அதேபோல் ஒரு கட்டையால் உட்கூரையை மெதுவாகத் தட்டுங்கள். நேர் கீழே நிற்காமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் பழுது பெயிண்டோடு நிற்கிறது. 'தொப் தொப்' என்றால் பூச்சு தளத்தை விட்டு விலகியிருக்கிறது.

இத்துடன் பழுப்பு நிறக் கறையோ, நேர்கோட்டில் ஓடும் விரிசலோ தெரிந்தால் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு, இரும்பின் பருமனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். கம்பியின் கீழுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அதற்கு மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மூடி வைப்பதாகும். கட்டிலையும் தொட்டிலையும் உடனே நகர்த்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். மும்பை மாநகராட்சிச் சட்டம் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்கள் சொசைட்டியில் அது நடந்ததா என்று கேளுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து?

ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை ஓதமான இடத்தில் வைத்து, நாற்புறமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுதும் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது தளத்தை ஒட்டிய பக்கம் வேர்த்தால் தண்ணீர் தளத்துக்குள் இருக்கிறது. வெளிப்புறம் வேர்த்தால் அது அறையின் நீராவி. வெந்நீர்க் குளியலும் சமையலும் காரணம். அதற்கு ஜன்னல் திறப்பும் எக்ஸாஸ்ட் விசிறியுமே மருந்து.

தளத்துக்குள் தண்ணீர் என்றால், மழையில் மட்டும் கசிகிறதா, ஆண்டு முழுதுமா என்று பாருங்கள். மழையில் மட்டும் என்றால் மொட்டைமாடியையோ வெளிச்சுவரையோ சந்தேகிக்கலாம். எப்போதும் என்றால் மேல்வீட்டுக் குளியலறையோ குழாயோ. குளியலறைத் தரையின் வடிகாலை அடைத்து, ஓர் அங்குல உயரம் தண்ணீர் கட்டி ஒரு நாள் வைத்தால் தெரிந்துவிடும். மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரித் துணைவிதிகள்படி, மொட்டைமாடி மழைக்கசிவால் மேல்மாடி வீட்டு உட்கூரை கெட்டால் பழுதுபார்ப்பது சொசைட்டியின் பொறுப்பு. குளியலறைக் கசிவு சம்பந்தப்பட்ட வீட்டார் செலவு. மேல்வீட்டாரிடம் சண்டையாகத் தொடங்காமல், இந்தச் சோதனையைச் சேர்ந்து செய்வோம் என்று கேட்டால் காரியம் நடக்கும்.

வேலை முறை

கசிவை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே தொடங்குங்கள். நவம்பருக்குமேல் செய்தால் நல்லது.

1. விசிறியின் மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். கண்ணாடியும் முகமூடியும் அணியுங்கள்.

2. தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. தூள் பறக்கக் கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

3. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டம்பரோ. ஈரத்துணியால் முழுதும் கழுவி எடுங்கள். அதன்மேல் எந்த உயர்ந்த பெயிண்டும் நிற்காது.

4. ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, காய்ந்தபின் சிமெண்ட் புட்டியை மெல்லிதாக இரண்டு முறை போடுங்கள். பாரிஸ் பிளாஸ்டர் வேண்டாம். ஈரம் பட்டால் இளகும்.

5. தேய்த்துத் தூசி துடைத்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை அக்ரிலிக் எமல்ஷன். ஒவ்வொன்றுக்கும் இடையே டப்பாவில் குறித்த நேரம் காயவிடுங்கள். ஆயில் பெயிண்ட் அடித்தால் எஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி மீண்டும் கொப்புளிக்கும்.

பழுதுபார்த்த இடத்தின் அளவையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஜூன் முதல் மழைக்குப் பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து அந்த இடத்தைப் பாருங்கள். சிறு உப்பல் தெரிந்தாலும் அப்போதே சொசைட்டிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.