வால் முளைத்த ஹீரோ

கேள்வி: என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். போன வருடம் மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு எடுத்த ஸ்பைடர்மேன் உடையில் ஒரே அரிப்பு. மேடை ஏறுவதற்குள் கழற்றச் சொல்லி அழுதுவிட்டான். இந்த முறை வீட்டிலேயே தைக்கப் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது சாதாரண மிதி மிஷின். வகுப்பில் வேறு யாரும் போடாத சூப்பர்ஹீரோவாக வேண்டுமாம். என்ன தைக்கலாம்?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: வாடகை உடைகளில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். வியர்வையை உறிஞ்சாது, அதனால்தான் அரிப்பு. அதற்காக பனியன் துணி எடுத்து நீங்களே தைக்க இறங்காதீர்கள். அந்தத் துணி இழுபடும். மிதி மிஷினின் நேர்த்தையல் இழுபடாது, பிள்ளை ஒரு குதி குதித்தால் நூல் அறும். சாம்பல் நிறத்தில் பருத்தி டி-சர்ட்டும் டிராக் பேன்ட்டும் ரெடிமேடாக வாங்கிவிடுங்கள். உங்கள் உழைப்பெல்லாம் வாலுக்குப் போகட்டும்.

ஆமாம், வால்தான். யாரும் போடாத ஹீரோ உங்கள் ஊர் மலையிலேயே மரம் விட்டு மரம் தாவிக்கொண்டிருக்கிறது. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் அங்கே சரணாலயமே அமைத்தார்கள். 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. புலிக்கு முன்பே பட்டா வாங்கிய அணில்!

வாலுக்குத் துணி சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. இடைவெளி விட்டு நெய்த துணி என்பதால் ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே வரும். சட்டைக்கு அது குறை, நமக்கு அதுதான் வேண்டும். நான்கு விரல் அகலத்தில் நீளநீளமாகக் கிழித்து, ஒரு பக்கம் நூலை உருவி விடுங்கள், குஞ்சம் போலத் தொங்கும். பாதி துணியைக் கடுக்காய்ப்பொடி கரைத்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து, துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் ஊறப்போட்ட வினிகரில் தண்ணீர் சேர்த்து, அதில் முக்குங்கள். கண்ணெதிரே சாம்பல் ஏறும். நன்றாக அலசிக் காயவையுங்கள். மீதிப் பாதி வெள்ளையாகவே இருக்கட்டும். அந்த அணிலின் ரோமத்திலும் வெள்ளை இழையோடியிருக்கும். இரண்டையும் கலந்து, இலவம்பஞ்சு அடைத்த துணிக்குழாய் மேல் நுனியிலிருந்து சுற்றிச்சுற்றித் தைத்துக்கொண்டு வாருங்கள்.

நிஜ அணிலுக்கு வால் உடம்பளவுக்கு நீளம். உங்கள் மகனுக்கு முழங்காலோடு நிறுத்துங்கள், தரையில் புரண்டால் தடுக்கும். பேன்ட்டில் தைத்தால் கனம் தாங்காமல் பேன்ட் இறங்கி மானம் போகும். அகல எலாஸ்டிக்கில் தைத்து டி-சர்ட்டுக்கு உள்ளே இடுப்பில் மாட்டுங்கள். முகமூடி வேண்டாம், மேடைப்படி தெரியாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிரிந்த நூலும் இலவம்பஞ்சும் சட்டென்று தீப்பிடிக்கும். மேடையில் குத்துவிளக்கு எங்கே என்று முன்பே பார்த்து, பிள்ளை அந்தப் பக்கம் போகாதபடி ஆசிரியையிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் பெண் குழந்தை என்றால் ஆண்டாள் வேஷம்தான். ஏழு வயது மகள் பறக்கிற ஹீரோ வேஷம்தான் வேண்டும் என்கிறாள். பாட்டிக்கோ ஆண்டாள்தான் வேண்டும். இரண்டு பேரையும் எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை ஹீரோவாக்கிவிடுங்கள். உங்கள் ஊர் ஆண்டாள் கோயிலில் அந்தக் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூ அலகு, மரவள்ளி இலை உடம்பு. பாட்டிக்கு ஆண்டாளின் சாய்கொண்டை, பேத்திக்குக் கிளியின் சிறகு.

தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் இடங்களில் பச்சை வெட்டுத்துண்டுகள் கேட்டுப் பாருங்கள். இலை வடிவில் வெட்டி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை வரும் இரண்டு துணிகளில் வரிசையாகத் தையுங்கள். ஓடு வேய்வது போலக் கீழ் வரிசையில் தொடங்கி மேலே வர வேண்டும், அப்போதுதான் தையல் மறையும். 'மின்னல் முரளி' படத்தில் அந்த ஹீரோவே தையல்காரர்தான் என்று மகளிடம் சொல்லுங்கள், ஊசியில் நூல் கோத்துத் தர ஓடி வருவாள்.

கழுத்தில் நாடா கட்டவே கூடாது. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். இரு தோளிலும் வெல்க்ரோ வையுங்கள், இழுத்தால் சிறகு தனியே வந்துவிடும். சொரசொரப்பான பக்கம் சிறகில், மெத்தென்ற பக்கம் சட்டையில்.