சவரக் கத்திக்கு ஏற்ற சாணைக்கல்: அந்தமான் பாறைகளைக் கொண்டு ஒரு பாடம்

கூரிய விளிம்பு ஒன்றைப் பெறுதற்கு மக்கள் இரு வழிகளைக் கண்டனர். ஒன்று கல்லை உடைத்துச் சில்லெடுத்தல். மற்றொன்று ஓர் அலகைக் கல்லின்மீது தேய்த்துத் தீட்டுதல். உலகின் பெரும்பகுதியில் முன்னது பழங்கதையாகிப் பின்னது நிலைத்தது. அந்தமான் தீவுகளிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இரண்டும் ஒரே குடிசையில் அருகருகே வழக்கிலிருந்தன. ஆதலின் சாணைக்கல்லின் இயல்பை விளக்கப் புகும் ஆசிரியருக்கு இத்தீவுகளினும் ஏற்ற இடம் அரிது.

1870-களில் அங்கு அலுவலராக இருந்த எட்வர்ட் ஹோரேஸ் மேன், அந்தமானியரின் சவர முறையை விரிவாக எழுதி வைத்துள்ளார். வெண்ணிறக் குவார்ட்சுக் கற்கள் இரண்டை எடுத்து, அவற்றுள் ஒன்றை நெருப்பிற் சுட்டு ஆறவிடுவர். பின்னர் மற்றதனால் அதனைத் தட்டுவர். சில நொடிகளில் மெல்லிய சில்லுகள் பல உதிரும். அவற்றுள் மிகச் சிறியவற்றைக் கொண்டு தலைமயிரை மழிப்பதும், தோலிற் கோலம் கீறுவதும் நடைபெற்றன. இவ்வேலையைச் செய்தவர் பெரும்பாலும் பெண்டிரே. குடியேற்றத்தின் வழியாகப் புட்டிகள் கிடைக்கத் தொடங்கியபின் குவார்ட்சின் இடத்தைக் கண்ணாடிச் சில்லு பிடித்துக் கொண்டது. ஒருமுறை பயன்பட்ட சில்லை மறுமுறை எவரும் தொடுவதில்லை என்றும் மேன் குறித்துள்ளார். இச்செய்தியைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னர் இது நமக்கு வேண்டும்.

அதே மக்களிடம் சாணைக்கல்லும் இருந்தது. உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்த இரும்பைக் கல்லால் அடித்துத் தட்டி, மணற்கல்லில் தேய்த்து, வாய்ச்சிக்கும் அம்பு முனைக்கும் கூர் ஏற்றினர். அங்ஙனமாயின் சவரத்துக்கும் ஓர் இரும்பு அலகைத் தீட்டி வைத்துக் கொள்ளலாகாதோ என மாணவர் வினவுவர். கப்பல் இரும்பு நல்ல எஃகன்று என்பது பாதி விடை. எஞ்சிய பாதி கல்லிலேயே இருக்கின்றது.

அதனை அளவுகளைக் கொண்டு காண்போம். மனித மயிரின் பருமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். நன்கு தீட்டிய சவரக் கத்தியின் விளிம்போ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே மைக்ரான். மணல் என்று பாறையியலார் வகுப்பது 62 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை. ஆகவே மணற்கல்லின் மிகச் சிறிய துகளும் ஒரு மயிரின் பருமன் உடையது. கல்லிற் பாதி புதைந்திருப்பதால் அத்துகள் தன் முழுப் பருமனுக்கும் எஃகைக் கீறுவதில்லை என்பது உண்மையே. எனினும் அது விட்டுச் செல்லும் பள்ளங்கள் கத்தியின் வாயை அரம்போல் ஆக்கிவிடும். கோடரிக்கு அவ்வரம் தீங்கன்று. கன்னத்தில் வைத்தால் மயிரை வெட்டாது பற்றியிழுக்கும்.

மணலினும் சிறியது வண்டல். அது 4 முதல் 62 மைக்ரான் வரை. அதனினும் நுண்ணியது களி. களியிற் செய்த கல்லே சிறந்தது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. துகளின் சிறுமையோடு கடினமும் வேண்டும். மோ அளவுகோலில் கடினமாக்கிய எஃகு ஏறத்தாழ ஆறரை; குவார்ட்சு 7; கார்னெட் ஆறரை முதல் ஏழரை; குருவிந்தம் 9. களிக் கனிமங்கள் எஃகினும் மிக மெல்லியவை. அவற்றின்மீது கத்தியைத் தேய்த்தால் தேய்வது கல்லே. ஆக, நமக்கு வேண்டுவது எஃகைக் கீறவல்ல, ஆனால் கண்ணுக்குப் புலப்படாத, ஒரே சீரான துகள். பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப் பகுதியில் எடுக்கப்படும் மஞ்சள் நிறக் கல் புகழ் பெற்றது இதனாலேயே. அதில் ஏறத்தாழ 5 முதல் 15 மைக்ரான் அளவுள்ள கார்னெட் மணிகள் மெல்லிய அபிரகத்திற் பதிந்துள்ளன. மணி உருண்டை வடிவினதாதலால் ஆழமாகக் கீறாது.

குருவிந்தம் பற்றி ஒரு சொல். இக்கனிமத்துக்கு உலகம் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது. சேலம் வட்டாரத்தில் இது கிடைக்கின்றது. இதன் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது இந்நாட்டின் பழந்தொழில். ஆயினும் அச்சக்கரம் அரிவாளுக்கும் மணிக்கல்லுக்கும் உரியது. சவரக் கத்தியை அதனிடம் கொண்டு செல்வோர் கத்தியை இழப்பர்.

இனி அந்தமான் பாறைகளைக் காண்போம். போர்ட் பிளேயர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நகரை அடுத்த கார்பின் கோவ் கடற்கரையில் மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி அடுக்கிய பாறைத் தொகுதி வெளிப்பட்டு நிற்கின்றது. பாறையியலார் இதனை அந்தமான் பிளிஷ் என்பர். ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலின் சரிவில் மணலும் சேறும் கலந்த வெள்ளம் அவ்வப்போது பாய்ந்திறங்கிப் படிந்ததால் உண்டானவை இவ்வடுக்குகள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் பருமணல் முதலிற் படியும், நுண்மணல் அதன்மேல், வண்டல் அதற்கும் மேல், இறுதியிற் களி. ஒரு கண்ணாடிக் குவளையில் மண்ணும் நீரும் இட்டுக் கலக்கி வைத்தால் வகுப்பறையிலேயே இதனைக் காட்டலாம்.

இதன் பயனை நோக்குக. ஒரே அடுக்கில், ஒரு சாண் உயரத்துக்குள், முரட்டுக் கல் முதல் மென்கல் வரை இயற்கையே தரம் பிரித்து வைத்துள்ளது. அடுக்கின் அடிப்பகுதி கோடரிக்கு. நடுப்பகுதி அரிவாளுக்கும் மீன் கத்திக்கும். களி தொடங்குவதற்குச் சற்றுக் கீழே உள்ள வண்டற்கல் பேனாக்கத்திக்கு. நல்ல கல் என்று வாளா கேட்பதில் பொருளில்லை. எதனைத் தீட்டுவதற்கு என்பதே முதல் வினா. சவரக் கத்தியின் இறுதித் தீட்டலுக்கு இவ்வண்டற்கல்லும் போதாது என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

ஏமாற்றும் கற்கள் இரண்டு உண்டு. தென் அந்தமானின் கிழக்குக் கரையோரம் கடலடிப் பாறைகள் மேலே தள்ளப்பட்டுள்ள இடங்களில் சர்ப்பென்டைன் என்னும் பச்சைக் கல் கிடைக்கும். பாம்பின் தோல்போல் வழவழப்பானது. தொட்டவுடன் இதுவே மிக நுண்ணிய சாணை என்று தோன்றும். இக்கட்டுரையாளரும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணி அரை நாளைச் செலவிட்டதுண்டு. அதன் கடினம் எஃகினும் குறைவு. கத்தி வழுக்கிச் செல்லுமேயன்றித் தீட்டப்படாது. இரண்டாவது பவளச் சுண்ணாம்புக்கல். சொரசொரப்பாயிருந்தும் அதன் கடினம் 3 மட்டுமே. இதனைச் சோதிக்க இரும்பாணி போதும். ஆணி எளிதிற் கீறினால் கல்லைக் கீழே போடுக. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உண்டு. துகளின் பருமனை அறியக் கல்லின் பொடியைச் சிறிதெடுத்து முன்பற்களிடையே வைத்துக் கடித்துப் பார்ப்பது பாறையியலாரின் பழக்கம்: நறநறவென்றால் வண்டல், வெண்ணெய்போல் இருந்தால் களி.

அப்பச்சைக் கல்லுக்கு அண்மையிலேயே செந்நிறச் செர்ட் கல்லும் காணப்படும். ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிரிகளின் சிலிக்காக் கூடுகள் ஆழ்கடலிற் படிந்து இறுகியது இது. துகள் மிக நுண்மை, கடினம் குவார்ட்சுக்கு நிகர். அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் மாநிலத்துக் கல்லும் இத்தகைய நுண்சிலிக்காவே. அந்தமான் செர்ட்டில் குறை ஒன்றுண்டு: புவியின் நெருக்குதலால் அது வெடிப்புற்று, வெடிப்புகளில் வெண்ணிறக் குவார்ட்சு நரம்புகள் ஓடும். அந்நரம்பு கத்தியின் வாயைக் கெடுக்கும். உள்ளங்கை அகலத்துக்கு நரம்பில்லாத துண்டு வாய்ப்பது அரிது. வாய்த்தால் விடற்க.

கல்லை எடுப்பதற்கும் வரம்புண்டு. பழங்குடியினர் காப்பிடங்களுக்குள் இசைவின்றிப் புகுதலை 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை தடுக்கின்றது. பவளம் உயிரோடிருப்பினும் இறந்திருப்பினும் தொடலாகாது. பழைய சிப்பிமேடுகளில் ஒரு முகம் மட்டும் குழிந்து வழவழப்பான கல் தென்பட்டால், அது பண்டை மக்களின் சாணைக்கல்லாயிருக்கக்கூடும். கிடந்த நிலையிலேயே விட்டுத் தொல்லியல் துறைக்கு அறிவிக்க வேண்டும்.

கிடைத்த கல்லைச் சமப்படுத்துவது அடுத்த வேலை. இரண்டு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்தால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் போகலாம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதால் பிழை புலப்படாது. மூன்று கற்களை எடுத்து இருவிருவராக மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் சமதளமாகும். ஏனெனில், தட்டையாயிருந்தாலன்றி மூன்றும் தம்முள் பொருந்துதல் இயலாது. வடிவ கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்ல கருப்பொருள்.

சவரக் கத்தியின் அமைப்பும் கணிதமே. அதன் முதுகு தடித்தது; முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியுமாறு வைத்தால் கோணம் தானே அமையும். அலகின் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகின் தடிப்பு 4.5 மில்லிமீட்டர் எனின் வாயின் கோணம் ஏறத்தாழ 16 பாகை. முதுகைத் தூக்கித் தீட்டுவோர் இவ்வமைப்பைக் கெடுக்கின்றனர். கல்லை நீரில் நனைத்து, வாய் முன்செல்லக் கத்தியை நகர்த்துக. முனைக்கு வந்ததும் முதுகின்மேல் புரட்டி மறுபுறம் திருப்புக. கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டா. விளக்கின்கீழ் வாயை நேராக நோக்கினால் மழுங்கிய இடம் வெண்கோடாக மின்னும். கோடு மறைந்தால் கல்லின் பணி முடிந்தது. அதன்பின் தோல்வாரில், இம்முறை முதுகு முன்செல்ல, தீட்டவேண்டும். நாள்தோறும் வேண்டுவது வார் மட்டுமே, கல் எப்போதேனும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முடி திருத்துவோரின் அடைப்பத்தில் கல்லும் வாரும் கத்தியோடு இருந்தன. தீவுகளின் உப்புக்காற்றில் அலகு ஓரிரவில் துருப்பிடிக்கும்; துடைத்து உலர்த்தித் தேங்காயெண்ணெய் பூசி வைக்க.

தீட்டுவதால் கத்தி கூர்மையாகுமேயன்றித் தூய்மையாகாது. மஞ்சட்காமாலையை விளைக்கும் ஹெப்படைட்டிஸ்-பி நச்சுயிரி உலர்ந்த பரப்பில் ஏழு நாளேனும் உயிர்ப்புடன் இருக்கவல்லது. கண்ணுக்குத் தெரியாத அளவு குருதியே அது பரவப் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் போர்ட் பிளேயர் நிலையம் இத்தீவுகளின் பழங்குடியினரிடையே இத்தொற்று மிகுதியாக இருப்பதைப் பதிவு செய்துள்ளது. ஒருவர்க்குப் பயன்பட்ட கத்தி, கல், தோல்வார் ஆகிய மூன்றுமே மற்றவர்க்கு ஐயத்துக்குரியவை. அலகைக் கொதிநீரில் இடலாம்; தோல்வாரை இடலாகாது. எனவே கல்லிலே தீட்டும் கத்தி ஒருவரே தமக்கென வைத்துக் கொள்வதற்கு மட்டும் உரியது. பலருக்கு மழிக்கும் கடையில், ஆளுக்கொரு பாதி பிளேடை மாட்டிக் கழற்றும் கத்தியே வேண்டும். குவார்ட்சுச் சில்லை ஒருமுறையோடு எறிந்துவிட்ட அந்தமான் பெண்டிர் செய்ததும் இதுவே. கழற்றிய பிளேடைக் குப்பையில் வீசாது, மூடியிற் பிளவு செய்த தகர டப்பாவில் இட்டு, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்குமாறு களப்பணியாளர் கடைக்காரர்க்கு எடுத்துரைக்கலாம்.