மூன்று நிமிட செஸ்ஸில் நேரம் போதவில்லையா?

நல்ல நிலையில் இருந்தும் கடிகாரம் தீர்ந்து தோற்கிறீர்களா? 3+0 ஆட்டத்தை விட்டு 3+2-க்கு மாறுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 2 விநாடி கூடும். உலக பிளிட்ஸ் போட்டியும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு தொடக்கங்களைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டால் போதும். முதல் பத்து நகர்த்தல் மளமளவென்று போய்விடும்.

இதைவிட முக்கியம், தோற்ற சூட்டில் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். கோபத்தில் ஆடும்போதுதான் ராணியே பறிபோகும். தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் எழுந்துவிடுங்கள்.

பிறகு நிதானமாக, தோற்ற ஆட்டத்தைத் திறந்து எந்த நகர்த்தலுக்கு அதிக நேரம் செலவிட்டீர்கள் என்று பாருங்கள். லிசெஸ் தளத்தில் இந்த நேரக் கணக்கு இலவசமாகவே கிடைக்கும். அதிக நேரம் தின்ற நகர்த்தல் பெரும்பாலும் யோசித்தே தீரவேண்டிய இடமாக இருக்காது.