ஆற்றின் உரிமையை ஆற்றுக்குக் கொடுப்போம்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.



உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே உண்டாக்கியதாக அல்லாஹ் கூறுகிறான் (21:30). பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் கூறுகிறான் (6:38). இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு நமக்காக மட்டும் ஓடவில்லை. மீனுக்கும் கொக்குக்கும் தவளைக்கும் அதில் பங்கு இருக்கிறது.

நம் ஆறு எது?

கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, தாமிரபரணியாகக் குழித்துறை வழியாக ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கின்றன. குழித்துறைப் பாலத்தைத் தாண்டாமல் நம்மில் யாரும் நாகர்கோவில் போவதில்லை. ஆனால் பாலத்தில் போகும்போது கீழே குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

2021 நவம்பரில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க முடியாது. நம் மாவட்டமெங்கும் வீடுகளுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மழை அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் அந்த மழைநீர் பரவி நிற்பதற்கென்று இருந்த இடங்களை என்ன செய்தோம்? முன்பு ஆறு கரைபுரண்டால் தண்ணீர் ஏலாக்களில் ஏறி, சில நாள் தங்கி, வண்டலை விட்டுவிட்டு வடியும். கிணறுகளில் நீர் ஊறும். புதுமழையில் மீன்கள் வயலேறி முட்டையிடும். அதைத் தின்னக் கொக்கும் நாரையும் வரும். அந்த ஏலாக்களில் எத்தனையோ இன்று வாழைத் தோட்டமாகவும் ரப்பராகவும், மண் நிரப்பிய வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. தண்ணீருக்கு இடம் இல்லாதபோது அது நம் வாசலுக்கு வருகிறது.

மணல் அள்ளுவதன் கேடும் இத்தகையதே. ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். முகத்துவாரத்தின் அருகே கடல் உப்பு உள்ளே ஏறும். மனிதர்களின் கைகள் சம்பாதித்ததன் காரணமாகக் கரையிலும் கடலிலும் சீர்கேடு வெளிப்பட்டுவிட்டது என்று அல்லாஹ் கூறுவதன் (30:41) பொருளை நம் ஊரிலேயே பார்க்கிறோம்.

ஷரீஅத் என்ன சொல்கிறது?

முதலாவது, ‘ஹரீம்’. ஆற்றை ஒட்டி அதன் பயன்பாட்டுக்குத் தேவைப்படும் நிலத்துக்கு ஃபிக்ஹு நூல்களில் இந்தப் பெயர். அது எவருக்கும் சொந்தமாகாது. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் ரம்லீ (ரஹ்) அவர்கள் ‘நிஹாயத்துல் முஹ்தாஜ்’ நூலில், ஆற்றின் ஹரீமில் கட்டடம் கட்டக் கூடாது, கட்டப்பட்டது பள்ளிவாசலாக இருந்தாலும் இடிக்கப்படும் என்று எழுதுகிறார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்கே அங்கே இடமில்லை என்றால், நம் காம்பவுண்டுச் சுவருக்கும் கடைக்கும் எப்படி இடமிருக்கும்? புறம்போக்கில் நான்கு அடி தள்ளிக் கட்டுவதைச் சாமர்த்தியம் என்று நினைப்பவர் இந்தச் சட்டத்தை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, கீழே இருப்பவரின் உரிமை. வாய்க்கால் நீர் விஷயமாக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரிக்கும் வழக்கு வந்தபோது, மேலே இருந்த ஸுபைர் (ரலி) தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு, பிறகு அண்டை வீட்டாருக்குத் தண்ணீரை விட வேண்டும் என்று நபி (ஸல்) முதலில் சொன்னார்கள் (புகாரி 2360). நாம் ஓடையில் எறியும் கழிவு கீழே ஒருவரின் குளியல் துறைக்குப் போகிறது. ஒளு செய்யும் தண்ணீருக்கும் போகிறது.

மூன்றாவது, பிற உயிர்களின் உரிமை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி (புகாரி 2363) நமக்குத் தெரியும். ஒரு நாயின் தாகத்தைத் தீர்த்ததற்கு அந்தக் கூலி என்றால், ஆயிரம் உயிர்களின் ஆற்றை மீட்பதற்கு என்ன கூலி?

மீட்க முடியுமா?

முடியும். எல்லைக்கு அப்பால், ஆலப்புழை மாவட்டம் புதனூர் ஊராட்சியில் குட்டம்பேரூர் ஆறு இருக்கிறது. பம்பையையும் அச்சன்கோவிலாற்றையும் இணைக்கும் 12 கிலோமீட்டர் ஆறு அது. ஆக்கிரமிப்பாலும் கழிவாலும் களையாலும் ஓட்டமே நின்றுபோயிருந்தது. ஊரக வேலைத் திட்டத்தில் சுமார் 700 பேர், பெரும்பாலும் பெண்கள், ஏறத்தாழ 70 நாட்கள் சேற்றில் இறங்கிக் களையையும் சகதியையும் அள்ளினார்கள். 2017-ல் தண்ணீர் மீண்டும் ஓடியது.

நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு கரையை மேலும் மேலும் உயர்த்துவதை மட்டும் நம்பாமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னால் தள்ளியும் பக்கவாய்க்கால் வெட்டியும் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். வெள்ளத்தின் உயரம் குறைந்தது, ஈரநில உயிர்களுக்கும் இடம் கிடைத்தது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள அரசும் இந்த வழியைக் கையில் எடுத்தது. நம் மாவட்டத்திலேயே சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. தண்ணீர் நிற்கவிட்ட இடத்துக்குப் பறவைகள் தாமாக வருகின்றன.

நாம் செய்ய வேண்டியவை

1. கோழி, இறைச்சிக் கழிவைச் சாக்கில் கட்டி இரவோடு இரவாக ஓடையில் தள்ளும் வழக்கம் இந்த எல்லைப் பகுதியில் இருக்கிறது. கடை வைத்திருக்கும் சகோதரர்களே, தராசு சரியாக இருந்தால் மட்டும் வியாபாரம் ஹலாலாகிவிடாது. நீர்த்துறையில் அசுத்தம் செய்வதைச் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக நபி (ஸல்) எண்ணினார்கள் (அபூதாவூத் 26). குர்பானி, கல்யாணக் கழிவுகளைக் குழி வெட்டிப் புதையுங்கள்.

2. ஏலா வைத்திருப்பவர்கள், அதை மண்ணிட்டு நிரப்பும் முன் அடுத்த வயல்காரரின் வடிகாலை நினையுங்கள்.

3. கரையில் தாழையும் மூங்கிலும் நடுங்கள். வேர் கரையைப் பிடிக்கும். நட்டதை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது ஸதகா (புகாரி 2320).

4. ஓடைகளைத் தூர்வாரவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் கிராம சபையிலும் பேரூராட்சியிலும் மனு கொடுங்கள். கோயில்காரர்களையும் சர்ச்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். வெள்ளம் யார் வீடு என்று கேட்டு வருவதில்லை.

ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் வீட்டுச் சாக்கடை எந்த ஓடையில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். அமானிதத்தைப் பற்றிய கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

யா அல்லாஹ்! மழையை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக! எங்கள் ஆறுகளையும் அவற்றில் வாழும் உயிர்களையும் பேணுபவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.