வேடம் போட்டால் மனம் மாறிவிடுமா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துத் தெருக்களில் மாலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். ஒரு சிறுவன் திருடன், மற்றொருவன் போலீஸ். திண்ணையில் சொப்புச் சாமான்களோடு ஒரு சிறுமி அம்மாவாகச் சமைத்துக்கொண்டிருப்பாள். விளக்கு வைத்ததும் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள். திருடனாக ஆடியவன் திருடனாகவே ஆகிவிடுவானோ என்று யாரும் கவலைப்படுவதில்லை.

அதே சிறுவன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபின் பகடைகளை உருட்டியோ கைபேசியிலோ மந்திரவாதியாகவும் போர்வீரனாகவும் ஆடினால் மட்டும், "பையனுக்குப் புத்தி பேதலித்துவிடும்" என்ற பேச்சு எழுகிறது. இந்த அச்சத்தைக் கேலி செய்யவும் வேண்டாம். அப்படியே நம்பவும் வேண்டாம். அதையும் ஓர் அறிவியல் கூற்றாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

விளையாட்டு எப்படி நடக்கிறது?

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் புகழ்பெற்றது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இது 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். "எதிரே அகழி இருக்கிறது, என்ன செய்வாய்?" என்று நடத்துபவர் கேட்பார். "தாண்டுவேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. பகடை சம்மதிக்க வேண்டும். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்பது நிபந்தனையானால், வாய்ப்பு 20இல் 6, அதாவது 30 விழுக்காடு.

இதன் முன்னோர் யார் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய நாட்டு அதிகாரிகள் போர்ப் பயிற்சிக்காக வரைபடத்தின்மேல் ஆடிய போர் விளையாட்டு. அதற்கும் முன்னோடி சதுரங்கம். ஆகவே இது எங்கிருந்தோ வந்த மாயம் அன்று. கதை, கணக்கு, கலந்து பேசுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இந்த விளையாட்டு.

1979இல் எழுந்த பீதி

1979 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதினாறு வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவர் இந்த விளையாட்டை ஆடியவர். பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு அடியில் நீராவிக் குழாய்கள் செல்லும் சுரங்க வழிகள் உண்டு. அங்கே விளையாட்டை நிஜமென்று நம்பி ஆடப்போய்ச் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்று, குடும்பத்தார் அமர்த்திய துப்பறிவாளர் ஊகித்தார். ஊகம் செய்தியாயிற்று. செய்தி நாடெங்கும் பரவியது.

சில வாரங்களில் மாணவர் வேறொரு மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் சுரங்க வழிக்குள் சென்றது உண்மை. ஆனால் விளையாடச் செல்லவில்லை. மனச்சோர்வும் தனிமையும் படிப்பில் முதல்வனாகவே இருக்க வேண்டும் என்ற நெருக்கடியும் அவரை வாட்டியிருந்தன. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். துப்பறிவாளர் உண்மையை விளக்கி நூல் எழுதியது 1984இல். அதற்குள் விளையாட்டுக்கு எதிராக ஓர் இயக்கமே தோன்றிவிட்டது. நூலில் உள்ள மந்திரங்கள் நிஜ மந்திரங்கள் என்றுகூடச் சிலர் பயந்தார்கள்.

இதில் வருந்தத்தக்கது எது? ஒரு விளையாட்டின் பெயர் கெட்டது பெரிய இழப்பன்று. எல்லோரும் விளையாட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த இளைஞரின் துன்பத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் சரியான காரணம் தப்பித்துக்கொள்ளும்.

நம் நாட்டில், 2017இல்

'நீலத் திமிங்கிலம்' என்ற பெயர் உங்கள் அண்ணன், அக்காமார்களுக்கு நினைவிருக்கும். நாளுக்கொரு கட்டளையிட்டு இளைஞர்களைச் சாவுக்கு இட்டுச்செல்லும் விளையாட்டு என்று அது சொல்லப்பட்டது. 2017 ஆகஸ்டில் அதன் இணைப்புகளை நீக்கும்படி மத்திய அரசு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மதுரையருகே ஒரு கல்லூரி மாணவரின் மரணத்தையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பள்ளிதோறும் எச்சரிக்கை. வீடுதோறும் கைபேசி பறிமுதல்!

பிறகு வல்லுநர் குழு ஒன்று இத்தகைய நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. இணையப் பயன்பாடு, தொலைபேசி அழைப்புகள், தடய அறிவியல் சான்றுகள் யாவும் பார்க்கப்பட்டன. எந்த நிகழ்ச்சியிலும் அந்த விளையாட்டின் பங்கு நிறுவப்படவில்லை என்று 2018 ஜனவரியில் அரசு மக்களவையில் தெரிவித்தது. எச்சரிக்கை பரவிய வேகத்தில் இந்த விடை பரவவில்லை.

நான்கு கட்டங்கள்

இனி ஒரு கணக்கு. எண்கள் கற்பனையே. ஒரு பள்ளியில் 1,000 மாணவர்கள். அவர்களில் 600 பேர் இத்தகைய விளையாட்டை ஆடுகிறார்கள். 400 பேர் ஆடுவதில்லை. அரையாண்டுத் தேர்வில் 100 பேருக்கு மதிப்பெண் குறைந்தது. அவர்களில் 60 பேர் ஆடுபவர்கள். "மதிப்பெண் குறைந்தவர்களில் 60 விழுக்காட்டினர் விளையாட்டுப் பிரியர்கள்!" என்று செய்தி வருகிறது. பெற்றோர் நடுங்குகிறார்கள்.

அவசரப்படாமல் நான்கு கட்டங்களையும் நிரப்புங்கள். ஆடுபவர்களில் மதிப்பெண் குறைந்தவர்கள் 600இல் 60, அதாவது 10 விழுக்காடு. ஆடாதவர்களில் 400இல் 40. அதுவும் 10 விழுக்காடுதான்! செய்தி சொன்னது பொய்யன்று. ஆனால் அது ஒரே ஒரு கட்டத்தைத்தான் காட்டியது. பலர் செய்யும் ஒன்றை, துன்பப்பட்டவர்களிலும் பலர் செய்திருப்பார்கள். பெரும்பாலோர் காலையில் இட்லி சாப்பிடும் ஊரில் இட்லிமீதும் இதே வழக்கைத் தொடுக்கலாம்.

சரி, ஆடுபவர்களில் 15 விழுக்காட்டினருக்கு மதிப்பெண் குறைந்திருந்தால்? அப்போதும் ஒரு கேள்வி பாக்கி. விளையாட்டால் மதிப்பெண் குறைந்ததா? அல்லது படிப்பில் மனமுடைந்தவன் விளையாட்டில் ஒதுங்கினானா? வீட்டுச் சச்சரவு போன்ற மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் உண்டாக்கியதா? இரண்டு சேர்ந்து வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

கூத்து சொல்லும் பாடம்

வேடம் மனத்தைக் குழப்பும் என்ற அச்சத்துக்கு விடை நம் மண்ணிலேயே இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் சிற்றூர்களில் இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனனாக முழங்கியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தேநீர் அருந்துகிறார். பார்த்தவர்களும் மெய்மறந்து அழுதுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். 'இது வேடம்' என்று அறிந்துகொண்டே அதில் ஆழ்வது மனித மனத்தின் இயல்பான திறன்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' சேர்க்கப்பட்டுள்ளது; அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தை நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டு காலமாவது இந்நிலை நீடித்திருக்க வேண்டும். வேடம் போடுவது இந்த அடையாளங்களில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களின் ஆபத்து தனி. முன்பின் தெரியாதவரிடம் இணையத்தில் வீட்டு விவரங்களைச் சொல்வதும் ஆபத்தே.

எனவே வீட்டில் கேள்வி எழுந்தால் கோபப்படாதீர்கள். அப்பா, அம்மாவை அருகில் உட்காரவைத்து ஒரு சுற்று ஆடிக் காட்டுங்கள். உறக்கம், படிப்பு, நண்பர்கள் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள். நண்பன் ஒருவன் பேச்சைக் குறைத்து ஒதுங்கினால், என்ன விளையாடுகிறான் என்பதைவிட என்ன வருத்தம் என்று கேளுங்கள். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

செய்து பாருங்கள்

1. மூன்று சாதாரணப் பகடைகளைச் சேர்த்து 216 முறை உருட்டி, கூட்டுத்தொகைகளைக் குறித்து வாருங்கள். 10 என்பது சுமார் 27 முறையும், 18 என்பது ஒரே முறையும் எதிர்பார்க்கப்படும். ஏன்?

2. செய்தித்தாளில் 'இதனால்தான் இது நேர்ந்தது' என்னும் செய்தி ஒன்றைத் தேடுங்கள். நான்கு கட்டங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன? காலியான கட்டங்களை நிரப்ப யாரிடம், என்ன கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.