காட்டுமாடு வந்துபோகும் தோட்டம்

கோத்தகிரிப் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் காலையில் கதவைத் திறந்ததும் கடிபட்ட இலையைத்தான் முதலில் தேடுகிறார்கள். முட்டைக்கோஸ் இலையின் ஓரம் கிழிந்து பிசிறு பிசிறாகத் தொங்கினால் மானோ காட்டுமாடோ வந்திருக்கிறது. இவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கவ்விப் பிய்த்துத்தான் தின்ன முடியும். தண்டு சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தால் முயல். உருளைக்கிழங்குப் பாத்தியில் குழி தோண்டப்பட்டு, பக்கத்தில் கறுப்பு வெள்ளை முள் ஒன்று கிடந்தால் முள்ளம்பன்றி. பாத்தி மொத்தமும் கிளறிப் புரட்டப்பட்டிருந்தால் காட்டுப்பன்றி. வந்தது யார் என்று தெரியாமல் வேலிக்குச் செலவழிப்பது வீண் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் முதல் பாடம். முயலுக்கு இரண்டடி உயர வலை போதும். காட்டுமாட்டுக்கு அந்த வலை காலில் சிக்கும் கயிறு மட்டுமே.

ஏன் வருகின்றன? நீலகிரியின் மேட்டுநிலம் ஒரு காலத்தில் புல்வெளியும் அதன் மடிப்புகளில் சோலைக்காடுமாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தேயிலையும் சீகையும் யூகலிப்டஸும் அந்தப் புல்வெளியை விழுங்கின. மிச்சமிருக்கும் காட்டிலும் உண்ணிச்செடி புகுந்து புல்லை முளைக்கவிடாமல் செய்கிறது. புல்லை நம்பி வாழும் காட்டுமாடு வேறெங்கே போகும்? தேயிலையை அது தின்பதில்லை. ஆனால் தேயிலை வரிசைகளுக்கு இடையே நடக்க வழியுண்டு, ஓரத்தில் புல்லுண்டு, அந்த வழி கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் ஒரு வீட்டின் பின்வாசலில் போய் முடிகிறது. கோத்தகிரி ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. சுமார் 116 ஹெக்டேர் பரப்பு. 2024-இல் ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் தரும் அதே சோலைதான் காட்டுமாட்டுக்கும் கேளையாட்டுக்கும் பகல்நேர நிழல். சோலை வேண்டும், அதிலிருந்து வெளியே வரும் விலங்கு மட்டும் வேண்டாம் என்றால் நடக்காது.

இந்தப் பகுதியில் ஓய்வுக்காலத்தைத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்ட ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நிலம் வாங்கிய புதிதில் நாலாபக்கமும் கம்பி வேலி போட ஆள் பேசியிருந்தார். கீழ்வீட்டில் தேயிலை பறிக்கப் போகும் அம்மா வந்து பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, இந்த ஓரத்தை அடைக்காதீங்க, மாடு இறங்குற தடம் இது” என்றார். புல் மட்டமாக மிதிபட்டு, ஓடைக்குச் சரிந்து இறங்கும் ஒரு பாதை அங்கே இருந்தது. ஆசிரியை அந்த ஓரத்தில் பத்தடி அகலத்தை விட்டுவிட்டு, வேலியை உள்ளே தள்ளிப் போட்டார். மேலே இன்னொரு வீட்டுக்காரர் தடத்தின் குறுக்கே சுவர் எழுப்பினார். வழி தெரியாமல் நின்ற கூட்டம் பக்கத்துக் கல்கட்டுகளின் மேல் ஏறி இறங்கி, இரண்டு மழைக்காலத்தில் அந்தச் சரிவே பெயர்ந்து வந்தது. முழு வளர்ச்சி பெற்ற காளை ஒரு டன்னைத் தொடும். அந்தக் கனம் நித்தமும் ஏறி இறங்கினால் எந்தக் கல்கட்டும் நிற்காது.

அந்தப் பத்தடி ஆசிரியைக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. அந்தி நேரத்தில் சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் முதலில் தெரிவது வெள்ளைக் கால்கள். முழங்கால் வரை வெண்காலுறை மாட்டிய எட்டு, பத்து கால்கள் அசையும். உடம்பு பிறகுதான் தெரியும், கரும்பழுப்பாக, தோளில் திமிலேறி. கன்றுகள் செம்பழுப்பாக இருக்கும். இன்னும் வெள்ளைக்கால் விழுந்திருக்காது. தாய் மேயும்போது கன்று அதன் வயிற்றுக்கடியில் புகுந்து மறுபக்கம் வரும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்கும். இதைப் பார்க்க மாலையில் எந்த வேலையையும் ஒத்திவைக்கலாம் என்பார் அவர். கேளையாடு வேறு மாதிரி. கண்ணில் படுவது அபூர்வம், குரல்தான் வரும். நாய் குரைப்பது போல விட்டுவிட்டு ஒரே சீராகக் கத்தினால் பக்கத்தில் சிறுத்தை நடமாடுகிறது என்று பொருள் கொள்கிறார்கள். அந்தக் குரல் கேட்ட இரவில் வளர்ப்பு நாயை உள்ளே கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நீலகிரிச் சிரிப்பானும் மலை அணிலும் பழமரத்துக்கு வருவது தனிக் கணக்கு.

ஆனால் சன்னல் கண்ணாடி இருக்க வேண்டும். கொடைக்கானல், குன்னூர், கோத்தகிரி மூன்று ஊர்களிலும் காட்டுமாடு முட்டிக் காயம்பட்டவர்கள், இறந்தவர்கள் உண்டு. பெரும்பாலான சமயங்களில் அது தேடி வந்து தாக்குவதில்லை. இருட்டில் கொல்லைப்புறம் போனவர் எதிர்பாராமல் மிக அருகில் போய்விடுகிறார், அல்லது செல்போனில் படமெடுக்க ஒருவர் நெருங்குகிறார். கூட்டத்தை விடத் தனியாக அலையும் காளையிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். அது பக்கவாட்டில் திரும்பி, முதுகை நிமிர்த்தி, முழு உடம்பையும் காட்டி நின்றால் தன் பலத்தைக் காட்டுகிறது. சீறினாலோ தலையைத் தாழ்த்தினாலோ அடுத்த நொடியை நம்பக்கூடாது. கூச்சலிடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்தபடி பின்வாங்கி, இடையில் ஒரு மரமோ சுவரோ வரும்படி நகர வேண்டும். பட்டாசு வெடித்து விரட்டுவது தவறு. மிரண்ட விலங்கு அடுத்த வீட்டு முற்றத்தில் நிற்கும் குழந்தையின் பக்கம் ஓடும். இரவில் வெளியே வரும் முன் வாசல் விளக்கைப் போட்டு, சன்னல் வழியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பது மலைவீடுகளில் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

கரடிக்கு வேறு முறை. தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லை; அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சித் தின்ன அமைந்த வாய். கரடியின் மூக்குக்கு விளக்கில் ஊற்றும் எண்ணெயும் வெல்லமும் பலாப்பழமும் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். நீலகிரியில் கோயில் கதவை உடைத்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துப் போன கரடிகளின் செய்தி அடிக்கடி வரும். சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, அடுக்களை எதையும் விட்டதில்லை. ஆகவே பேரியும் பிளம்ஸும் கொய்யாவும் வைத்திருப்பவர்கள் பழம் கனிந்து உதிரும் வரை காத்திருக்காமல் சற்று முன்னதாகவே பறித்துவிடுகிறார்கள். கீழே விழுந்ததை அன்றன்றே பொறுக்கி மண்ணில் புதைக்கிறார்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலாக் காலத்தில் யானை இறங்குவது எல்லோருக்கும் தெரியும். வீட்டை ஒட்டிய பலாவில் காயைப் பிஞ்சிலேயே கறிக்கு வெட்டிவிடுவது அங்கே பலர் கையாளும் வழி. நாய்க்குச் சோறு வைத்த தட்டை இரவில் வெளியே விடக்கூடாது. அது கரடியைக் கூப்பிடும், நாய் சிறுத்தையைக் கூப்பிடும்.

மலையை விட்டுச் சென்னைக்கு வந்தால் பிரச்சினையின் முகம் மாறுகிறது. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959-இல் ஐஐடி எழுந்தது. மீதிக் காடு 1978-இல் தேசியப் பூங்காவானது, மொத்தம் 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஐஐடி வளாகத்தின் குடியிருப்புகளில் புள்ளிமான் வாசல்வரை வரும். பின்னங்காலில் எழுந்து நின்று செம்பருத்தியின் தளிரை எட்டிப் பிடிக்கும். வெளிமான் திறந்த புல்தரையில் தன் பாட்டுக்கு மேயும். ஒரு மாநகரத்தின் நடுவே இப்படி ஒரு காட்சி கிடைப்பது சாதாரண விஷயமில்லை. இதைக் காப்பாற்ற எதையும் செய்யலாம்.

அங்கே மானுக்கு ஆபத்து அன்பின் வடிவத்திலும் வருகிறது. மீந்த சோறு, ரொட்டி, பிஸ்கட் என்று நீட்டுகிறார்கள். மானின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இலையையும் புல்லையும் செரிக்கப் பழகியவை. மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே இறங்கினால் அங்கே அமிலம் பெருகுகிறது. வயிறு உப்பி, மான் நிற்க முடியாமல் விழும், சிலவேளை இறந்தே போகும். கொடுத்த கை அதைப் பார்ப்பதில்லை. இன்னொன்று பை. உணவின் வாசனை ஒட்டிய பிளாஸ்டிக் பையை மான் பையோடு விழுங்கும். அது செரிக்காது, வெளியேறாது. இறந்த மான்களின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் திரள் திரளாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் குப்பைத் தொட்டி மூடாத தெருக்களில் இது நின்றபாடில்லை. மூடியைக் கொக்கி போட்டு மாட்டும் தொட்டிதான் மானுக்கு நம்மால் செய்யக்கூடிய முதல் உதவி. சோறு போட்டுப் பழகிய மானின் பின்னால் தெருநாய்க் கூட்டம் வரும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

செடி விஷயத்தில் அனுபவம் சொல்வது எளிது: பசித்த விலங்கு எதையும் தின்னும், ஆனால் முதலில் எதைத் தொடும் என்பதில் வரிசை உண்டு. ரோஜாத் தளிர், செம்பருத்தி, பீன்ஸ், கீரை முதலில் போகும். சமவெளியில் நொச்சியும் ஆடாதோடையும் கால்நடை தொடாத உயிர்வேலிகள். மானும் அவற்றை விட்டுத்தான் நகரும். மலையில் ரோஸ்மேரி, தைம் போன்ற வாசனைச் செடிகளை வெளிவரிசையில் வைத்து உள்ளே கேரட் போடுகிறார்கள். அரளியும் தப்பும், ஆனால் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வராது. மேரக்காய்ப் பந்தலை வீட்டுச் சுவரை ஒட்டிப் போட்டால் பாதியாவது மிஞ்சும்.

வேலியில் இரண்டு செய்யக்கூடாதவை. பழைய மீன்வலையைக் கட்டக்கூடாது. மானின் கொம்பு அதில் சிக்கினால் அது உதறி உதறியே கழுத்து முறிந்து சாகும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகப் பாய்ச்சவே கூடாது. அது குற்றம், விலங்கோடு மனிதரும் பலியாகிறார்கள். சோலார் வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக அதிர்ச்சி தருவது, கொல்லாது. ஆனால் அதற்கும் 2023-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டோரத்தில் இருப்பவர்கள் முதலில் வனத்துறை அலுவலகத்துக்குப் போய்விட்டு அப்புறம் கடைக்குப் போவது நல்லது. மானைத் தடுக்க எட்டடி உயரம் வேண்டும். முழுத் தோட்டத்துக்கும் அது கட்டுப்படியாகாது. காய்கறிப் பாத்திகளை ஒரே இடத்தில் சேர்த்து அதை மட்டும் உயரமாக அடைத்து, மிச்சத்தைத் திறந்து விடுவதே ஆசிரியை கண்ட வழி.

தோட்டத்தில் உதிர்ந்த மான்கொம்பு கிடைத்தால் எடுத்து வரவேற்பறையில் மாட்டிவிடும் ஆசை பலருக்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் வனத்துறையிடமோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். புதரடியில் குட்டி மான் தனியாகப் படுத்திருந்தால் அது அநாதை என்று முடிவு கட்டித் தூக்கி வரக்கூடாது. தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். மனித நடமாட்டம் ஓய்ந்தபின் திரும்பி வரும். காயமோ, ஈ மொய்ப்பதோ, விடாமல் கத்துவதோ தெரிந்தால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை நாய்களை விலக்கி வைத்தால் போதும்.

கடைசியாக, பலர் மறப்பது செப்டிக் டேங்க். பலகையாலும் தகரத்தாலும் மூடிய தொட்டியின் மேல் காட்டுமாடு கால் வைத்தால் உள்ளே போய்விடும். மலையில் தொட்டியிலும் கிணற்றிலும் விழுந்த மாடுகளை மீட்க ஜேசிபி கொண்டுவந்து ஒரு பக்கத்தை இடித்துச் சரிவாக்கித்தான் மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் கான்கிரீட் மூடி போட்டு, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பி, தண்ணீர்த் தொட்டியின் ஒரு பக்கத்தைப் படிபோலக் கட்டிவிட்டால் அந்த வேலை மிச்சம். ஆசிரியையின் தோட்டத்தில் அந்தப் படித்தொட்டி தடத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவுகிறார், கொசு முட்டையிடாமல் இருக்க.