ஆலையில் ஒரு ரெக்கவரி, ஆஸ்பத்திரியில் ஒரு ரெக்கவரி

சங்கராபுரம் பக்கம் கரும்பு போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'ரெக்கவரி' புதிய சொல் அல்ல. திருவண்ணாமலை போகும் வழியில் மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. "இந்த வருஷம் ரெக்கவரி எவ்ளோப்பா?" என்ற பேச்சைக் கேட்டே அவர்கள் வளர்கிறார்கள். அதே சொல் பாடப்புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றி வரும்போதுதான் திணறல்.

இங்கே ஆங்கிலம் சொல்லித்தருகிறவர்கள் அனுபவத்தில் கண்ட வழி இது: அகராதியைத் திறப்பதற்கு முன், சொல் வீட்டில் எங்கெல்லாம் புழங்குகிறது என்று பிள்ளைகளையே தேடிவரச் சொல்ல வேண்டும்.

ஆலையில் அது சர்க்கரைக் கட்டுமானம். 100 கிலோ கரும்பை ஆட்டினால் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்ற கணக்கு. பணமும் இதில்தான் இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீத ரெக்கவரிக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். ஆலையின் ரெக்கவரி 9.5 சதவீதத்துக்கும் குறைந்தால் 3,290 ரூபாய் 50 காசு.

வங்கி நோட்டீஸில் அது கடன் வசூல். ஆஸ்பத்திரியில் உடல் தேறுவது. காவல் நிலையத்தில் களவுபோன வண்டி மீட்கப்படுவது. நான்கையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதினால், கைக்கு வந்துசேர வேண்டியது வந்துசேர்வது என்ற பொதுக்கரு பிள்ளைகளுக்கே பிடிபடும்.

அடுத்தது, இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் சொற்கள். நோயிலிருந்து தேறினால் 'ரெக்கவரி ஃப்ரம் ஃபீவர்'. கடனோ பொருளோ மீண்டால் 'ரெக்கவரி ஆஃப் லோன்'. முழுக்கக் குணமானவர் 'மேட் எ ஃபுல் ரெக்கவரி'; இங்கே 'டிட்' வராது. சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்தவர்கள் வாக்கியம் எழுதும்போது இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஏ.எஸ். ஹார்ன்பி தொகுத்து 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட கற்போர் அகராதி, பொருளோடு பயன்பாட்டு வாக்கியங்களையும் தந்தது இதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல் நம் பேச்சுவழக்கிலிருந்து வருகிறது. "தாத்தா ரெக்கவரி ஆயிட்டாரு" என்று பேசிப் பழகியவர், 'ஹி இஸ் ரெக்கவரி' என்று எழுதிவிடுகிறார். தமிழில் 'ஆகு', 'பண்ணு' சேர்த்தால் எந்த ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் வினையாகிவிடும். ஆங்கிலத்தில் அது செல்லாது. 'ஹி ஹேஸ் ரெக்கவர்டு' என்று வினைச்சொல்லையே போட வேண்டும். இரண்டு வாக்கியங்களையும் அருகருகே எழுதி, பெயர் எது, வினை எது என்று அடிக்கோடிடச் சொன்னால் குழப்பம் தீரும்.

பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் வீடுகளில் கரும்பு பில்லையும் வங்கி நோட்டீஸையும் மடித்துப் பெட்டியில் வைக்கும் முன், அவர்கள் கையில் ஒருமுறை கொடுங்கள். அவற்றில் தெரிந்த சொற்களுக்கு அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள்.